இரண்டாவது டம்ளர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம்தான். தப்பாக இருக்கிற இடத்தில் படிக்கிறவர்களே சரியாக வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிரெயினிங்கில் இருக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள் கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தாள்.

"நைனா, நைட் டூட்டின்னா டம்ளர் டம்ளரா காபி உள்ள போனாத்தான் கண்ணு தெறக்குது. காலைல வந்து படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது. நீ அத்தினி வருசம் மில்லுல ராத்திரி வேலை செஞ்சியே, ஒரு வேளை காபிதானே குடிப்ப? எப்படி முழிச்சிகினு இருந்த?" என்று கேட்டாள்.

"பழக்கம்மா," என்றேன்.

"இதுக்குத்தான் உன்ன கேக்கக் கூடாதுன்றது," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வாயால் அவ்வளவுதான் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி. நாலு பேர் நிற்கிற இடத்தில் என் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். நாளைக் காலை பஸ்ஸுக்கு அவள் புறப்படுகிறாள். அதற்குள் எழுதிக் கையில் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

உத்திரமேரூரில் ஊர்க்கோடியில் ஒரு அரிசி மில் இருந்தது. மானாம்பதி, சாலவாக்கம் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி வண்டியாக நெல் வந்து இறங்கும். தொட்டியில் ஊறின நெல்லைக் கெட்டில் என்கிற பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு நீராவியில் அவித்து, பொழுது விடிந்ததும் களத்தில் பரப்பியாக வேண்டும். அதனால் அவிக்கிற வேலை எப்போதும் ராத்திரியில்தான். பாய்லரைப் பார்த்துக்கொள்ள ஒருவர். அடுப்புக்கு உமி தள்ளவும் சாம்பல் வாரவும் நான். மூட்டைக்காரர்கள் விடிகிற நேரத்துக்குத்தான் வருவார்கள். அதுவரைக்கும் நாங்கள் இரண்டு பேர்தான்.

அடுப்புக்கு உமி விடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் நீராவி இறங்கிவிடும், நெல் அரைவேக்காடாக நின்றுவிடும். அப்புறம் அரைக்கும்போது அரிசி நொய்யாகக் கொட்டும். ஆகவே அந்த வேலையில் முதல் வேலையே தூங்காமல் இருப்பதுதான்.

பாய்லர்காரர் ஊர்த் தெருவைச் சேர்ந்தவர். நான் ஊருக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டின எங்கள் தெருவிலிருந்து வந்தவன். அந்த நாளில் எங்கள் தெரு ஆட்களுக்குக் காபிக்கடையில் தனி டம்ளர். கடைக்குப் பின்னால் வேலிக் கொம்பில் கவிழ்த்து மாட்டியிருக்கும். நாமே எடுத்து, வாங்கிக் குடித்து, கழுவி, மறுபடியும் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். அப்படிச் செய்யக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். டம்ளர் மட்டும் கொம்பை விட்டு இறங்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ராத்திரி பாய்லர்காரர் காபி போட்டார். அவர் காபி போடுவது வேடிக்கையாக இருக்கும். ஒரு அலுமினிய லோட்டாவில் தண்ணீரும், காபித்தூளும், ஒரு கட்டி வெல்லமும் போடுவார். பாய்லரிலிருந்து வருகிற பைப்பில் பக்கவாட்டில் ஒரு சின்ன குழாய் இருக்கும். அதன் வாயை லோட்டாவுக்குள் விட்டுத் திருகைத் திறந்தால் புஸ்ஸென்று நீராவி பாயும். கண் மூடித் திறப்பதற்குள் லோட்டா பொங்கிவிடும். பால் கிடையாது. இரும்பு வாசனை கொஞ்சம் அடிக்கும். ஆனால் அந்தக் கறுப்புக் காபி ஒரு வாய் உள்ளே போனால் பிடரியில் யாரோ தட்டின மாதிரி இருக்கும்.

அவர் பாதி குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து போய் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து நீட்டினேன்.

"இன்னாபா இது? கொதிக்கிற காபிய கையில ஊத்தவா? தோலு உரிஞ்சி பூடும். இந்தா, லோட்டா புடி."

"நீங்க குடிச்ச லோட்டாங்க..."

"ஆமா, நான்தான் குடிச்சேன். பேயா குடிச்சிது? புடிபா, கை சுடுது."

வாங்கிக்கொண்டேன். மேல் துண்டால் பிடித்து, விளிம்பில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் பார்த்தேன். மூக்கில் ஏறி, இருமல் வந்து, பாதி சட்டையில் கொட்டியது. அவர் சத்தமாகச் சிரித்தார்.

"நல்ல தூளுபா அது. சட்டைக்கு எதுக்கு ஊத்தற? வாய் வெச்சி குடி."

வாய் வைத்துக் குடித்தேன். அந்த லோட்டாவின் விளிம்பு என் உதட்டில் பட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. "ஒரே லோட்டாவா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

அதிலிருந்து காபி எங்களுக்கு வேலையில் ஒரு பாகமாகிவிட்டது. அடுப்பு பற்றினதும் ஒரு லோட்டா. முதல் கெட்டில் நெல் இறக்கினதும் ஒரு லோட்டா. அவருக்குக் கொட்டாவி வந்தால் ஒன்று, எனக்கு வந்தால் ஒன்று. எப்போதும் அவர் பாதி, நான் பாதி. அவர் ஓயாமல் பேசுவார். மில் முதலாளியின் மைத்துனன் கதை, பழையசீவரம் மலைக்கோயிலுக்குப் போன இடத்தில் செருப்பைத் தொலைத்த கதை, எல்லாம். நான் உமியைத் தள்ளிக்கொண்டே கேட்பேன். "உம்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் அவருக்குப் போதும். என்னோடு அவ்வளவு நேரம் பேசின வெளி ஆள் அதற்கு முன் யாரும் இல்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். பகலில் தூக்கம் குறைந்துகொண்டே வந்தது. கண்ணை மூடினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். வெளியே காக்காய் கத்தினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். தூங்காமல் போனால் ராத்திரி இன்னும் கூடக் காபி. கூடக் காபி குடித்தால் பகலில் இன்னும் தூக்கம் கிடையாது. செக்கு மாடு மாதிரி அதையே சுற்றிக்கொண்டிருந்தேன். கை நடுங்க ஆரம்பித்தது. என் மகளுக்கு அப்போது இரண்டு வயசு. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிறது என் வேலை. ஒரு நாள் வைக்கப் போய், விரல் ஆடி, காது வரைக்கும் மைக்கோடு இழுத்துவிட்டேன்.

என் மனைவி பார்த்துச் சிரித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றாள்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, காபி எத்தனை என்று கேட்டார். நான் வெட்கப்பட்டு விரல் விட்டு எண்ணினேன். "பத்து விரல் போதுமா, கடன் வேணுமா?" என்றார். பிறகு, காபியை ஒரு வேளையோடு நிறுத்து, இல்லாவிட்டால் நெஞ்சுக்கு ஆகாது, பகலில் நன்றாகத் தூங்கு, ராத்திரி லேசாக ஏதாவது சாப்பிடு என்று சொல்லி அனுப்பினார்.

சொல்வது எளிது. என்னைத் தின்றது காபி ஆசை இல்லை. அந்த லோட்டாவை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதுதான். கை நீட்டினவனுக்கு லோட்டாவைக் கொடுத்த மனுஷன். வேண்டாம் என்றால் அவர் என்ன நினைப்பார்? இவனுக்கு இவ்வளவு கொழுப்பா என்று நினைக்கலாம். மறுபடியும் நீட்டாமலே போய்விடலாம். அந்த மில்லில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதம் அது.

அன்று ராத்திரி லோட்டாவை நீட்டினார்.

"வேணாங்க," என்றேன்.

"ஏன், வயிறு சரியில்லையா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாத ஆட்டம்.

"எவனாவது எதனா சொன்னானா?"

அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன். டாக்டர் சொன்னார் என்று ஒரு வார்த்தை. அது வெளியே வரவில்லை. அவர் லோட்டாவைப் பார்த்தார். விளிம்பைக் கட்டை விரலால் துடைத்தார். மீதிக் காபியைத் தானே குடித்துவிட்டு பாய்லர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவரிடமிருந்து கதை எதுவும் வரவில்லை. அடுத்த ராத்திரியும் அப்படியே போயிற்று. காபியும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் தூக்கம் என்னைக் கொன்றுவிட்டது. நின்றுகொண்டே கண் செருகி, உமி அள்ளுகிற தட்டை அடுப்பு வாயிலேயே போட்டுவிட்டேன். அவர் ஓடிவந்து கொக்கியால் இழுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் ராத்திரி ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் புதுப் பித்தளை டம்ளர். பளபளவென்று இருந்தது. காபி போட்டு, லோட்டாவிலிருந்து அதில் ஊற்றி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"இந்தா. இது உனுக்கு. தனியா."

எனக்குத் தெரிந்த தனி டம்ளர் ஒன்றே ஒன்றுதான். அது வேலிக் கொம்பில் இருப்பது. கடைசியில் இங்கேயும் வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுக்கவும் தெரியவில்லை. வாங்கிக் குடித்தேன். கசப்பா இனிப்பா என்று நாக்குக்குத் தெரியவில்லை. தொட்டியடியில் கொண்டுபோய்க் கழுவி, பழக்கம் போலச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். அவர் கவிழ்ந்திருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் வீட்டுக்கு வந்து படுக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி நடவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

"இன்னாயா ஆச்சி? மில்லுல சண்டையா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா மூஞ்சி இப்படி தொங்குது? சொல்லு. நடவு ஆளுங்க வரப்புல நிக்கிறாங்க, நீ சொன்னாத்தான் போவேன்."

துண்டு துண்டாகச் சொன்னேன். வேண்டாம் என்றது, அவர் பேசாமல் போனது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"டாக்டர் வேணாம்னாருன்னு சொல்றதுக்கு இன்னாயா? வாயில கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்த? அவரும் பேசல, நீயும் சொல்லல. ரெண்டு ஊமைய வெச்சி மில்லு ஓட்றாங்க!"

அப்புறம் டம்ளரைப் பற்றிச் சொன்னேன். அவள் முந்தானை முனையைச் சுருட்டிக்கொண்டாள்.

"தனி டம்ளரா," என்றாள். இந்தத் தடவை ஒரே தரம்தான் கேட்டாள்.

பிறகு அடுப்பங்கரைக்குப் போய்க் கூழ்ப்பானையைத் திறந்து பார்த்தாள். "சாயந்தரம் கூழு கரைச்சித் தரேன். தண்ணியா, மோர் ஊத்தி. கெட்டியா குடிச்சா தூக்கம் வரும். வெங்காயம் வெக்கிறேன். ராத்திரிக்கு வயித்துக்கு ஒரு இது வோணுமில்ல? ரெண்டு பேருக்கும் சேத்தே தரேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவரு நம்ம வூட்டு கூழு குடிப்பாரா?"

ஊரார் எங்களுக்குக் கொடுப்பது உண்டு. ஊற்றுகிற இடத்தில் நின்று வாங்கிக்கொள்வோம். எங்கள் வீட்டுப் பானையில் பொங்கினதை ஊர்த் தெருவில் யாரும் வாயில் வைத்து நான் பார்த்தது கிடையாது. அவர் லோட்டாவை எனக்குக் கொடுத்தது ஒரு பங்கு என்றால், இது பத்துப் பங்கு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எதுவும் போனதே இல்லை.

"குடுத்துப் பாரு," என்றாள் அவள், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு. "குடிக்கலன்னா தெரிஞ்சி பூடும் இல்ல?"

அன்று பகல் பூராவும் அந்த வார்த்தை காதில் ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்துவிடும் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தூக்குப் பாத்திரத்தைத் துண்டால் மூடிக்கொண்டு மில்லுக்குப் போனேன். அதை உமிக்குவியல் ஓரம் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அடுப்பு பற்றிற்று. முதல் கெட்டில் நெல்லும் இறங்கிற்று. அவர் காபி போடவே இல்லை. நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எத்தனையோ தரம் தூக்குப் பக்கம் போய்ப் போய்த் திரும்பினேன். கடைசியில் அவரே கேட்டார்.

"இன்னா அது, கொயந்த கணக்கா துண்டு போட்டு மூடி வெச்சிகினு கீற?"

"கூழுங்க. வூட்ல குடுத்தாங்க."

"சரி, குடி. எதுக்கு வெச்சி பாத்துகினு கீற?"

நான் போய்ச் சுவரோரம் பார்த்தேன். புது டம்ளர் கவிழ்த்தபடி இருந்தது. அதை விட்டுவிட்டு அவருடைய லோட்டாவை எடுத்தேன். கேட்காமல் அதை எடுத்தது அதுதான் முதல் தரம். கூழை ஊற்றி, பாதி குடித்தேன். வாய் வைத்துத்தான் குடித்தேன். மீதியை அவரிடம் நீட்டினேன்.

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் குடுத்தாங்க," என்றேன். அவ்வளவுதான்.

அவர் லோட்டாவை வாங்கிக்கொண்டார். வெங்காயத்தையும் அவர் கையில் வைத்தேன். அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி உமியைத் தள்ள ஆரம்பித்தேன். தேவைக்கு மேலேயே தள்ளியிருப்பேன், நெருப்பு மேலே எழும்பியது. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கொட்டியிருப்பாரோ, சும்மா கீழே வைத்திருப்பாரோ என்று நெஞ்சு அடித்தது. அது காபிப் படபடப்பு இல்லை.

அப்போது வெங்காயம் கடிபடுகிற சத்தம் கேட்டது. நறுக்கென்று.

"யோவ்," என்றார். "வெங்காயம் இது ஒண்ணுதானா? கூழு அமிர்தமா கீது, வெங்காயத்துக்கு இன்னா கஞ்சத்தனம்?"

திரும்பினேன். லோட்டாவைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துக்கொண்டிருந்தார். மீசையில் கூழ் ஒட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் பேச்சும் வந்துவிட்டது. டாக்டர் சொன்னது, கை நடுக்கம், மகளின் காது வரைக்கும் போன மைக்கோடு எல்லாம் சொன்னேன். என் ஆயுசில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினது அன்றைக்குத்தான்.

அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"அட பாவி! நான் பொகையிலை போட்ற வாயி. லோட்டாவுல அந்த நாத்தம் ஒட்டிகினு கீது, அதான் நீ மூஞ்சி சுளிக்கிறன்னு நெனச்சேன்யா! வாய் தெறந்து சொல்ல மாட்டான், கூச்சக்காரன்னு, கடைக்குப் போயி உனுக்குன்னு டம்ளர் வாங்கியாந்தேன். நாலு நாளா பொகையிலைய வுட்டுட்டு வெறும் பாக்கு மென்னுகினு கீறேன். தல வெடிக்குது!"

"டம்ளர் பாத்ததும் நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் சுவரோரம் கவிழ்ந்திருந்த டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் மெதுவாக மாறியது.

"அத நான் நெனக்கவே இல்லபா," என்றார், தாழ்ந்த குரலில்.

எழுந்து போய் டம்ளரை எடுத்தார். பாய்லர் பைப்பில் ஒரு திருகு எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே அதை நிமிர்த்தி வைத்தார். நான் அந்த மில்லை விட்டு வருகிற வரைக்கும் அது அங்கேயேதான் இருந்தது. கறுத்துப் போய், சொட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு.

மகளே, நீ கேட்டதற்கு இனிமேல்தான் பதில். அப்புறம் நாங்கள் காபியை ஒரு லோட்டாவோடு வைத்துக்கொண்டோம். அடுப்பு பற்றினதும் பாதி பாதி. அதற்குப் பிறகு காபி கிடையாது. பாதி ராத்திரிக்குக் கூழோ, நீராகாரமோ, என்னுடைய வீட்டிலிருந்து ஒரு நாள், அவருடைய வீட்டிலிருந்து ஒரு நாள். முதல் சில நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. பொறுத்துக்கொண்டால் போய்விடுகிறது. கண் செருகினால் பிடரியிலும் முழங்காலுக்குக் கீழேயும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். முகத்தைக் காட்டிலும் பிடரியில் ஊற்றினால்தான் தூக்கம் ஓடும். உட்கார்ந்து செய்கிற வேலையைத் தூக்கம் வராத நேரத்துக்கும், நடந்து செய்கிற வேலையைத் தூக்கம் வருகிற நேரத்துக்கும் வைத்துக்கொள்வோம். ரொம்பவும் முடியாவிட்டால் ஒருவர் உமிக்குவியலில் கொஞ்சம் சாய்வது, இன்னொருவர் அடுப்பையும் பாய்லரையும் சேர்த்துப் பார்ப்பது. எழுப்புவார் என்று நம்பிப் படுத்தால் அந்தக் கொஞ்ச நேரமே போதும். காலையில் வழியில் காபிக்கடைப் பக்கம் போகவே மாட்டேன். உன் அம்மா வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வைத்திருப்பாள். வீடு இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும்.

ஒரு நாள் உன் கன்னத்தில் பொட்டு வட்டமாக விழுந்தது. உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு பூராவும் காட்டிவிட்டு வந்தாள். பொட்டுக்கு எதற்கு ஊர்வலம் என்று எல்லோரும் கேட்டார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே அம்மாவும் மகளும் பேசுவது கேட்கிறது. என் மனைவி கேழ்வரகை வறுத்து அரைத்த மாவை டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கிறாள். வெந்நீர் இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே கரைத்துக் குடிக்கலாமாம்.

"உன்கூட ராத்திரி டூட்டில யாரு கீறாங்க?"

"ஒரு கேரளா அக்கா."

"நம்ம வூட்டு கூழு குடிப்பாங்களா?"

"தெரிலம்மா. கேட்டதில்ல."

"குடுத்துப் பாரு. தெரிஞ்சி பூடும்," என்கிறாள். இன்னும் ஒரு படி மாவு டப்பாவில் விழுகிற சத்தம் கேட்கிறது.

கீலக வருஷம், தை மாதம் ஐந்தாம் தேதி.